குவாடல்கனால் கப்பல்: எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்தானா?

மே 18, இரவு 9.50

ஒரு வாசகர் எழுதியது: "சிகாகோ மியூசியத்தில் நிற்கும் ஜெர்மன் நீர்மூழ்கி யு-505-ஐப் பிடித்தது ஒரு மட்டமான சின்ன எஸ்கார்ட் கேரியர். குருட்டு அதிர்ஷ்டம். அதை விட்டுவிட்டுப் பெரிய விமானந்தாங்கிகளைப் பற்றிப் பேசலாமே."

அவர் சொல்வது குவாடல்கனாலை, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படையில் இருந்த குட்டி விமானந்தாங்கி. சின்னக் கப்பல்தான். 512 அடி நீளம், 19 நாட் (மணிக்கு 19 கடல் மைல்) வேகம், இருபத்தேழு இருபத்தெட்டு விமானங்கள். மட்டமான கப்பல் என்பதும் சரி. சி.வி.இ. என்ற அதன் வகைக் குறியீட்டுக்கு, அதில் வேலை பார்த்தவர்களே 'எரியும், உடையும், போனால் போகட்டும்' என்று விரிவாக்கம் சொல்லிச் சிரித்தார்கள். ஹென்றி கைசர் என்ற அணை கட்டும் காண்டிராக்டர், வாஷிங்டன் மாநிலத்து வான்கூவர் யார்டில் இட்லி ஊற்றுகிற மாதிரி ஐம்பது கப்பல்களை ஊற்றி எடுத்தார். அதில் ஒன்று குவாடல்கனால். எங்கள் தூத்துக்குடித் தோணிக்காரர் பாஷையில் சொன்னால் ஏரா (கப்பலின் அடிமரம்) வைத்தது 1943 ஜனவரி 5, தண்ணீரில் இறக்கியது ஜூன் 5. முதலில் வைத்த பெயர் அஸ்ட்ரோலேப் பே. டர்பைன் எஞ்சின், இரண்டு புரொப்பெல்லர்.

குருட்டு அதிர்ஷ்டம் என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

மே 18, இரவு 10.40

நடந்தது இது. 1944 ஜூன் 4, ஞாயிற்றுக்கிழமை. ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக். குவாடல்கனாலின் கேப்டன் டேனியல் கேலரி. கூடவே ஐந்து சிறு போர்க்கப்பல்கள்: பில்ஸ்பரி, சாட்டலெய்ன், ஃபிளாஹர்ட்டி, ஜெங்க்ஸ், போப். பல நாள் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை. எண்ணெய் குறைகிறது. தேடினது போதும் என்று மொராக்கோவின் காசாபிளாங்காத் துறைமுகத்தை நோக்கித் திரும்பிவிட்டார்கள். திரும்பிய சிறிது நேரத்தில், 11.09-க்கு, சாட்டலெய்னின் சோனாரில், அதாவது தண்ணீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் கருவியில், சத்தம்.

"அப்படியானால் அதிர்ஷ்டம்தானே" என்று கேட்பீர்கள். தேடச் சொன்ன இடமே சும்மா வந்ததில்லை. நேசநாடுகள் ஜெர்மன் கடற்படையின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தன. வாஷிங்டனில் உட்கார்ந்து ஒரு குழு, எந்த நீர்மூழ்கி எந்தப் பக்கம் வீடு திரும்புகிறது என்று வரைபடத்தில் குறித்து அனுப்பியது. இன்ன தெரு என்று சொல்லிவிட்டார்கள், கதவு எண் மட்டும்தான் தெரியாது.

சோனார் கேட்டதும் கேரியர் வாலைச் சுருட்டிக்கொண்டு விலகியது. அதுதான் சரி, அதற்குக் கவசம் கிடையாது. மேலே பறந்த வைல்ட்கேட் விமானங்கள் தண்ணீருக்குள் கருப்பாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்து, அந்த இடத்தில் துப்பாக்கியால் சுட்டுக் காட்டிக்கொடுத்தன. சாட்டலெய்ன் டெப்த் சார்ஜ் (தண்ணீருக்குள் வெடிக்கும் குண்டு) போட்டது. சில நிமிடத்தில் யு-505 மேலே வந்தது, சுக்கான் ஒரு பக்கமாக இறுகி, வட்டம் அடித்துக்கொண்டே. உள்ளே இருந்த 59 பேரும் வெளியே குதித்தார்கள். ஒருவர் இறந்தார், 58 பேர் கைதி.

வழக்கமாக இந்த இடத்தில் பீரங்கியால் அடித்து மூழ்கடிப்பார்கள். கேலரி சின்னத் துப்பாக்கிகளால் மட்டும் சுடச் சொன்னார். பில்ஸ்பரியிலிருந்து ஒரு படகு, ஆளில்லாமல் வட்டம் போடும் நீர்மூழ்கியைத் துரத்திப் போய் அதன் மேல் ஏறியது. ஏறினவர்களின் தலைவர் லெப்டினன்ட் ஆல்பர்ட் டேவிட்.

ஓடுகிற பஸ்ஸில் ஏறுவதற்கே எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை.

மே 19, காலை 6.15

தப்பு. நேற்று 'டர்பைன் எஞ்சின்' என்று எழுதிவிட்டேன். முப்பத்தோரு வருடம் எஞ்சின் அறையில் கிடந்தவன் இப்படி எழுதலாமா? ராத்திரி பூராவும் உறுத்தியது. இந்த ஐம்பது கப்பல்களிலும் இருந்தது ஸ்கின்னர் யூனிஃப்ளோ, பிஸ்டன் போட்ட நீராவி எஞ்சின். டர்பைனும் அதற்கான கியரும் செய்யும் தொழிற்சாலைகளில் நிற்க இடமில்லாத கூட்டம், அதனால் பழைய வழிக்குப் போனார்கள். இரண்டு எஞ்சினும் சேர்ந்து 9,000 குதிரைத்திறன். பெரிய கேரியரில் இருந்து வந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள். பிஸ்டன் எஞ்சின் ஓடும்போது காலுக்கு அடியில் ஒரு தாளம் இருக்கும். டர்பைனில் அது கிடையாது, வெறும் ரீங்காரம்தான்.

மே 21, மாலை

"படகில் ஏறிப்போய் என்ன செய்தார்கள், அதில் என்ன பெரிய வீரம்" என்று கேட்ட தம்பிக்கு.

நீர்மூழ்கியைக் கைவிடுகிறவர்கள் அதை அப்படியே விட்டுப் போகமாட்டார்கள். வெடிகுண்டு வைப்பார்கள், கடல் நீரை உள்ளே திறந்து விடுவார்கள். டேவிட்டும் அவரோடு போனவர்களும் அந்த ஓட்டைக்குள் இறங்கும்போது கீழே ஆள் இருக்கிறதா, குண்டு எத்தனை நொடியில் வெடிக்கும், ஒன்றும் தெரியாது. பின்பக்கம் அமிழ்ந்துகொண்டே போகிறது. உள்ளே குழாய் ஒன்றின் சல்லடை மூடி கழற்றப்பட்டு, தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. ஜீனன் லுகோசியஸ் என்ற எஞ்சின் அறைச் சிப்பாய் அந்த மூடியைத் தேடி எடுத்து, இடத்தில் வைத்து, நட்டை முறுக்கினார். தண்ணீர் நின்றது. யு-505 இன்றைக்குச் சிகாகோவில் நிற்பதற்கு அந்த மூடிதான் காரணம் என்பேன்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. 1984-ல் நான் நான்காம் எஞ்சினியர். நங்கூரம் போட்டு நிற்கிறோம், மெயின் சீ ஸ்ட்ரெயினரை, அதாவது உள்ளே வரும் கடல் நீரை வடிகட்டும் சல்லடையை, சுத்தம் செய்யச் சொன்னார்கள். கடல் தண்ணீர் உள்ளே வரும் வால்வை மூடினேன், கை முறுக்கு நின்றது, சரி மூடிவிட்டது என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுதான் விஷயம். வால்வுக்குள் சிப்பி மாட்டியிருந்தது. மூடியின் கடைசி நட்டைத் தளர்த்தியதும் மூடி தூக்கிக்கொண்டு தண்ணீர் முகத்தில் அடித்தது. கண் திறக்க முடியவில்லை. சத்தம் வேறு. இரண்டாம் எஞ்சினியர் ஓடி வந்து, எண்ணெய்க்காரர் ஒருவர், நான், மூன்று பேரும் மூடிமேல் உட்காராத குறையாக அமுக்கி, ஒரு நட்டு, அப்புறம் எதிர் நட்டு என்று பிடித்தோம். நாலு நிமிடம் ஆகியிருக்கும். எனக்கு நாலு வருடம். இத்தனைக்கும் வெளிச்சம் இருந்தது, எங்கள் கப்பல், எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியும், யாரும் குண்டு வைக்கவில்லை. லுகோசியஸுக்கு இந்த நான்கில் ஒன்றுகூட இல்லை.

இரண்டாம் எஞ்சினியர் என்னைத் திட்டின திட்டை இங்கே எழுத முடியாது. அவர் நாகர்கோவில்காரர்.

மே 21, சற்று முன்

நாகர்கோவில்காரர்கள் கோபிக்க வேண்டாம். பாராட்டாகத்தான் சொன்னேன்.

மே 25

கப்பலைப் பற்றிச் சொல்ல வந்துவிட்டு நீர்மூழ்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் செய்கிற தப்பு.

குவாடல்கனால் பணியில் சேர்ந்தது 1943 செப்டம்பர் 25, ஆரிகன் மாநிலத்து அஸ்டோரியாவில். அதன் தளத்தில் முதன்முதலில் விமானத்தை இறக்கி ஏற்றியவர் கேலரிதான். கேப்டனே ஓட்டிக் காட்டினால் மற்ற பைலட்டுகள் 'இந்தத் தளம் குட்டை' என்று முனக முடியாதல்லவா?

1944 ஜனவரியில் முதல் வேட்டை. ஜனவரி 16-ம் தேதி பொழுது சாயும் நேரத்தில் விமானங்கள் யு-544-ஐக் கண்டு மூழ்கடித்தன. மூழ்கிய இடத்தைச் சுற்றிச்சுற்றி வேடிக்கை பார்த்ததில் இருட்டிவிட்டது. அந்தக் காலத்தில் இந்தக் குட்டிக் கேரியர்களில் இரவில் இறங்கும் பழக்கமே இல்லை. இறங்கிய விமானங்களில் ஒன்று தளத்தின் ஓரத்தில் சரிந்து மாட்டிக்கொண்டது, தள்ளவும் முடியவில்லை. மேலே மிச்சம் இருந்தவர்களுக்கு இறங்க இடமில்லை. கடலில் இறங்கினார்கள்.

வேறு கேப்டனாக இருந்தால் 'இனி மாலை நாலு மணிக்கெல்லாம் எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடவும்' என்று உத்தரவு போட்டிருப்பார். கேலரி அடுத்த பயணத்தில் நிலா வெளிச்சத்தை வைத்துக்கொண்டு இரவுப் பறப்பைப் பழக்கினார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற நீர்மூழ்கிகள் இரவில்தான் மேலே வரும். அந்த நேரத்தில் வானம் காலியாக இருக்கும் என்று அவை நம்பியிருந்தன. ஏப்ரல் 9-ல் யு-515, மறுநாள் விடியலில் யு-68. இரண்டாவதில் பிழைத்தது ஒரே ஆள்.

யு-515 விஷயத்தில்தான் கேலரிக்குப் பொறி தட்டியது. அது மேலே வந்து, ஆட்கள் குதித்து, கொஞ்ச நேரம் மிதந்துவிட்டுத்தான் மூழ்கியது. அந்தக் கொஞ்ச நேரத்தில் ஏறியிருந்தால்? மே 15-ல் நார்ஃபோக்கிலிருந்து கிளம்பும் முன்பே ஒவ்வொரு கப்பலிலும் ஏறுவதற்கு ஒரு குழு, இழுப்பதற்குக் கம்பி என்று தயார் செய்யச் சொல்லிவிட்டார். இதைத்தான் நான் அதிர்ஷ்டம் இல்லை என்கிறேன். லாட்டரி விழுவது அதிர்ஷ்டம். விழுவதற்கு முன்பே பெட்டி வாங்கி வைப்பது வேறு.

மே 29

இன்றைய தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. 1944 மே 29, கேனரி தீவுகளுக்கு அப்பால், பிளாக் ஐலண்ட் என்ற இன்னொரு எஸ்கார்ட் கேரியரை யு-549 டார்பிடோவால் அடித்து மூழ்கடித்தது. அட்லாண்டிக்கில் அமெரிக்கா இழந்த ஒரே விமானந்தாங்கி அதுதான். யு-505 பிடிபடுவதற்கு ஆறே நாள் முன்.

இதை வைத்துக்கொண்டு ஜூன் 4-ஐ மறுபடி யோசித்தேன். அதே கடல் பக்கம், கேலரி தன் கேரியரை ஏறக்குறைய நிறுத்தி, நீர்மூழ்கிக்குக் கயிறு கட்டி இழுக்கிறார். இன்னொரு நீர்மூழ்கி அருகில் இருந்திருந்தால்? ஆயிரத்துக்குப் பக்கம் உயிர்கள். வீரமா, திமிரா? போன வாரம் கேட்டிருந்தால் வீரம் என்றிருப்பேன்.

ஜூன் 2

ஒருவர் தனிச் செய்தியில் "கேலரிக்கு மெடல் மேல் மெடல் கிடைத்திருக்குமே" என்கிறார். நடந்ததைக் கேளுங்கள். கடற்படைத் தலைவர் அட்மிரல் கிங்குக்குக் கோபம். கேலரியைக் கோர்ட் மார்ஷியல் (ராணுவ நீதிமன்றம்) வரை கொண்டுபோகலாமா என்ற பேச்சுகூட இருந்தது.

காரணம் இருக்கிறது. நீர்மூழ்கியில் எனிக்மா என்ற சங்கேத இயந்திரங்களும் சங்கேதப் புத்தகங்களும் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. கிடைத்தது நல்லதுதான், ஆனால் கிடைத்தது என்று ஜெர்மனிக்குத் தெரிந்தால் மறுநாளே எல்லாச் சங்கேதமும் மாறும். அதுவும் எப்போது? நேசநாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கிய அதே நாளில். ஏற்கெனவே உடைத்துப் படித்துக்கொண்டிருந்த பூட்டு, சாவியோடு சேர்ந்து பாழாகியிருக்கும். திருடனுக்குத் தெரியாமல் அவன் வீட்டுச் சாவிக்கு நகல் எடுத்து வைத்திருக்கிறோம், நம்ம வீட்டுப் பையன் ஒருத்தன் போய் அந்த வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வருகிறான். கோபம் வராதா?

அதனால் வாயை மூடினார்கள். ஏறக்குறைய 3,000 மாலுமிகள். நீர்மூழ்கியிலிருந்து ஞாபகார்த்தமாகச் சுட்டதை எல்லாம் திருப்பிக் கொடுக்கச் சொன்னார் கேலரி. நீர்மூழ்கிக்கு 'நீமோ' என்று ரகசியப் பெயர். பெர்முடாவுக்குக் கொண்டுபோய் ஒளித்தார்கள். விஷயம் கடைசிவரை கசியவில்லை. மூவாயிரம் பேர்! எங்கள் தெருவில் மூன்று பேருக்குத் தெரிந்தால் சாயங்காலம் தேரடி வரை போய்விடும்.

இந்த ரகசியத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. கைதிகளை லூசியானாவில் ரஸ்டன் முகாமில் தனியாக அடைத்தார்கள், செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் காட்டாமல். ஜெர்மனியில் அவர்கள் வீட்டார் செத்துவிட்டதாகவே நினைத்தார்கள். என் அப்பா தோணியில் கொழும்புக்குப் போய்ப் பதினேழு நாள் தகவல் இல்லாமல் இருந்தபோது அம்மா எப்படி இருந்தாள் என்று பார்த்தவன் நான். இங்கே வருடக் கணக்கு. எதிரி என்றாலும் இதைப் படித்தபோது ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஜூன் 2, இரவு

மேலே 'அதே நாளில்' என்று எழுதியது பிழை. நார்மண்டி ஜூன் 6. இது ஜூன் 4. இரண்டு நாள் முன். சுட்டிய அக்காவுக்கு நன்றி. நான் எழுதியதைவிட இதுதான் மோசம், யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. அமெரிக்கக் கடற்படை நடுக்கடலில் எதிரிப் போர்க்கப்பலில் ஏறிப் பிடித்தது இதற்கு முன் 1815-ல். சுந்தா நீரிணையில் பீக்காக் என்ற கப்பல் பிடித்தது. பிடிபட்டது யாருடையது தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல், பம்பாய் கடற்படையைச் சேர்ந்தது. பெயர் நாட்டிலஸ். அமெரிக்க-பிரிட்டிஷ் சண்டை முடிந்து சமாதானம் ஆனபிறகு பிடித்தார்கள் என்பது தனிக் கூத்து. ஜூல்ஸ் வெர்ன் நாவலில் நாட்டிலஸ் என்ற நீர்மூழ்கியின் கேப்டன் பெயர் நீமோ. இங்கேயும் நாட்டிலஸுக்கு அடுத்தது நீமோ! பெயர் வைத்தவர் சிரித்துக்கொண்டேதான் வைத்திருக்க வேண்டும்.

ஜூன் 4

சிகாகோவுக்கு மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மியூசியத்துக்குக் கூட்டிப்போனார் மாப்பிள்ளை. தரைக்குக் கீழே பெரிய கூடம் வெட்டி அதற்குள் யு-505-ஐ வைத்திருக்கிறார்கள். 2004-ல் வெளியிலிருந்து உள்ளே நகர்த்தினார்களாம். அதற்கு முன் ஐம்பது வருடம் வெயிலிலும் பனியிலும் நின்றது.

உள்ளே போனதும் நான் பார்த்தது கீழே, குழாய்களை. வழிகாட்டிப் பெண் டார்பிடோவைக் காட்டுகிறாள், நான் குனிந்து வால்வு தேடுகிறேன். வீட்டம்மா, "ஏங்க, ரிடயர் ஆயாச்சு, நிமிருங்க" என்றாள். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "இதைப் பிடிச்ச கப்பல் எங்க வச்சிருக்காங்க?"

உடைத்துவிட்டார்கள் என்றேன். "பிடிபட்டதுக்கு ஏசி ரூம், பிடிச்சது பழைய இரும்புக்கடையிலயா?" என்றாள். நான் இந்த இழையில் இதுவரை சொல்ல முயன்றதை அவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள். அதனால்தான் அவளை இங்கே எழுத விடுவதில்லை.

யு-505-ஐ நினைவுச் சின்னமாக அர்ப்பணித்தது 1954 செப்டம்பர் 25. மேலே போய்ப் பாருங்கள், குவாடல்கனால் பணியில் சேர்ந்த தேதி எது? எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜூன் 7, நீண்ட குறிப்பு, அவசரம் இல்லாதவர்கள் படிக்கலாம்

இழுத்துப் போனது பற்றி யாரும் கேட்கவில்லை. எனக்கு இதுதான் கதையின் உச்சம்.

கப்பலை இழுப்பது என்றால் கயிறு கட்டி இழுப்பது என்று நினைக்கிறார்கள். நான் ஒருமுறை அரபிக்கடலில் எஞ்சின் செத்துப்போன கப்பலில் இருந்தேன். இழுவைக் கப்பல் வந்து கம்பி கொடுத்தது. இரண்டாம் நாள் இரவு கம்பி அறுந்தது. அந்தச் சத்தம் பீரங்கி மாதிரி. அறுந்த முனை தளத்தில் அடித்த இடத்தில் இரும்புத் தூண் வளைந்திருந்தது. யாராவது அங்கே நின்றிருந்தால் என்று அதற்குப்பிறகு நாங்கள் பேசவே இல்லை.

யு-505-ஐ இழுக்கும்போதும் முதல் இரவே கம்பி அறுந்தது. சுக்கான் ஒரு பக்கம் இறுகி நின்றதால் அது நேராக வராமல் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே வந்தது, பிடிவாதக் கன்றுக்குட்டி மாதிரி. மறுநாள் தடித்த கம்பி மாற்றினார்கள். பின்பக்க அறைக் கதவில் வெடி வைத்திருப்பார்களோ என்ற சந்தேகம் வந்தது. கேலரியே நீர்மூழ்கிக்குள் போய்ப் பார்த்தார். இல்லை. கதவைத் திறந்து கையாலேயே சுக்கானை நேராக்கினார்கள்.

இன்னும் பிரச்சினை தீரவில்லை. உள்ளே தண்ணீர், பின்பக்கம் தாழ்ந்திருக்கிறது. பம்ப் ஓட்ட மின்சாரம் வேண்டும், பேட்டரியில் சக்தி இல்லை. டீசல் எஞ்சினை ஓட்டத் துணியவில்லை. இங்கேதான் குவாடல்கனாலின் தலைமை எஞ்சினியர் ஏர்ல் ட்ரோசினோ வருகிறார். வணிகக் கப்பலில் வேலை பார்த்துவிட்டுப் போருக்கு வந்த மனிதர், நம்ம ஜாதி (எஞ்சினியர் ஜாதியைச் சொல்கிறேன்). அவர் செய்தது: டீசல் எஞ்சினையும் மின்மோட்டாரையும் இணைக்கும் கிளட்சைக் கழற்றினார். சுவிட்சுகளைப் பேட்டரி சார்ஜ் ஆகும்படி போட்டார். பிறகு கேரியரை வேகமாக இழுக்கச் சொன்னார். தண்ணீர் புரொப்பெல்லரைச் சுற்ற, புரொப்பெல்லர் மோட்டாரைச் சுற்ற, மோட்டார் ஜெனரேட்டராகிப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறியது.

பழைய சைக்கிளில் டைனமோ வைத்து விளக்கு எரித்தோமே, அதேதான். சக்கரத்துக்குப் பதில் அட்லாண்டிக். அந்த மின்சாரத்தில் பம்ப் ஓடியது, நீர்மூழ்கி மட்டமாக மிதந்தது. ஜெர்மன் எழுத்தில் பெயரிட்ட சுவிட்சுகள், முன்பின் பார்த்திராத கப்பல், சுற்றிலும் குண்டு இருக்கலாம் என்ற பயம். இந்த யோசனை எனக்கு வந்திருக்குமா என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். வந்திருக்காது. பம்ப் கடன் கேட்டிருப்பேன்.

இத்தனைக்கும் நடுவில், பின்னால் ஒரு நீர்மூழ்கியைக் கட்டிக்கொண்டே, கேரியரிலிருந்து விமானங்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பிறகு அப்னாக்கி என்ற இழுவைக் கப்பல் வந்து கம்பியை வாங்கிக்கொண்டது. ஜூன் 19-ல் பெர்முடா.

முதலில் இறங்கிய டேவிட்டுக்கு அமெரிக்காவின் மிக உயர்ந்த ராணுவ விருதான மெடல் ஆஃப் ஆனர் கிடைத்தது, அட்லாண்டிக் போரில் அமெரிக்கக் கடற்படைக்குக் கிடைத்த ஒரே ஒன்று. கையில் வாங்க அவர் இல்லை. 1945 செப்டம்பரில் இறந்துவிட்டார்.

ஜூன் 8

"நம்ம ஜாதி" வரியை வைத்து வந்த மூன்று செய்திகளுக்கும் சேர்த்து: அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் படியுங்கள்.

ஜூன் 11

குருட்டு அதிர்ஷ்டம் என்று தொடங்கிய வாசகர் வந்து "பாதி வாபஸ்" என்கிறார். பாதி போதும். மிச்சப் பாதியை அவரே வைத்துக்கொள்ளட்டும். 11.09-க்கு அந்தச் சத்தம் கேட்டது அதிர்ஷ்டம்தான், இத்தனை நாள் கழித்து நானும் ஒப்புக்கொள்கிறேன். பிளாக் ஐலண்டுக்கு அது கிடைக்கவில்லை.

கப்பலின் கடைசியைக் கேட்டவருக்கு. 1946 ஜூலையில் பணியிலிருந்து எடுத்து நார்ஃபோக்கில் கட்டிப்போட்டார்கள். 1958-ல் பட்டியலிலிருந்து நீக்கி, 1959-ல் பழைய இரும்புக்கு விற்றார்கள். உடைத்தது ஜப்பானில். எஞ்சின் இல்லாமல், ஆள் இல்லாமல், இன்னொரு கப்பல் இழுத்துப் போகிறது, யு-505-ஐ அது இழுத்த மாதிரியே. கியூபாவின் குவாண்டனாமோ பக்கம் கடந்து போகும்போது கேலரி, அப்போது கரீபியன் பகுதியில் அட்மிரல், ஹெலிகாப்டரில் வந்து அதன் தளத்தில் இறங்கினார். முதலில் இறங்கியவரும் அவர்தான் என்று மே 25-ல் எழுதியிருக்கிறேன்.

நான் முதலில் வேலை பார்த்த கப்பலைக் குஜராத்தில் அலங் என்ற கப்பல் உடைக்கும் கரையில் உடைத்தார்கள். போய்ப் பார்க்கலாம் என்று டிக்கெட் வரை எடுத்தேன். போகவில்லை.

நாளை கண் ஆபரேஷன். பத்து நாளைக்கு இந்தப் பக்கம் வரமாட்டேன். அதற்குள் யாராவது யு-505-இன் டீசல் எஞ்சின் அறைப் படம் தெளிவாக வைத்திருந்தால் போட்டு வையுங்கள், இடது பக்கம், தரைத் தகட்டுக்குக் கீழே தெரிகிற மாதிரி.